வடிவில் வாழும் அறிவு

மாநகரைக் காணச் செல்வோர் பலவகையினர். கடைவீதியை நாடிச் செல்வோர் சிலர். கடற்காற்றை நாடிச் செல்வோர் சிலர். கோயிலும் காட்சிசாலையும் காணச் செல்வோர் சிலர். இவர்களின் வேறாக இன்னொரு வகையினரும் உண்டு. பிறர் காணாது கடந்து செல்லும் பொருள்களில் அவர்கள் கண் பதியும். பழைய வீட்டின் திண்ணைத் தூண், புகைவண்டி நிலையத்தின் இரும்புத் தாங்கி, பாட்டனார் ஏறிச் சென்ற மிதிவண்டி, பல்லாயிரம் கால் பட்டுத் தேய்ந்த கற்படி ஆகிய இவையெல்லாம் அவர்களைத் தடுத்து நிறுத்தும். பழைய வடிவங்களில் பற்றுடையார் என்று அவர்களைக் கூறலாம்.

இப்பற்று, பழமை என்பதனாலேயே ஒன்றைப் பாராட்டும் பற்று அன்று. மனிதன் செய்த ஒவ்வொரு பொருளும் ஏதோ ஒரு வினாவுக்கு விடையாகத் தோன்றியது. வெயிலை எவ்வாறு தடுப்பது? மழைநீரை எவ்வாறு வடிப்பது? கனத்தை எவ்வாறு தாங்குவது? இவ்வினாக்களுக்கு முன்னோர் கண்ட விடைகள் பல ஏட்டில் எழுதப்படவில்லை. மரத்திலும் கல்லிலும் சுண்ணாம்பிலும் இரும்பிலும் எழுதப்பட்டன. அவற்றைப் படிக்க விரும்புவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். இஃது எத்தேவைக்காகச் செய்யப்பட்டது? எப்பொருளால் செய்யப்பட்டது? எவர் கைத்திறத்தால் இவ்வடிவம் பெற்றது? இம்மூன்றுக்கும் விடை கண்டவர்க்கு ஊமையாய் நின்ற பொருள் வாய் திறந்து பேசும்.

இவ்வினாக்களோடு சென்னையைக் காணப் புறப்படுவோர் கடற்கரையிலிருந்தே தொடங்க வேண்டும் என்பதில்லை. நகரின் மேற்கே அமைந்த பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் ஆகிய ஊர்களில் தொடங்கிக் கிழக்கே கடலை நோக்கிச் செல்லலாம். ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வழியில், பல நூற்றாண்டுகளின் கைத்திறன் அடுத்தடுத்துக் காட்சி தரும்.

பூவிருந்தவல்லி பழம்புகழ் வாய்ந்த ஊர். இராமானுசர் போற்றிய திருக்கச்சி நம்பிகள் பிறந்த ஊர் என்று வைணவர் அதனைக் கொண்டாடுவர். நகரிலிருந்து மேற்கே செல்லும் பெருஞ்சாலையும் நெடுங்காலம் இவ்வூரின் பெயராலேயே வழங்கியது. நகரினுள் அமைந்த அதன் பகுதி இந்நாளில் பெரியார் ஈ.வெ.ரா. சாலை எனப் பெயர் பெற்றுள்ளது. மேற்குப் புறநகர் ஊர்களின் பழைய தெருக்களில் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு இடையே திண்ணை வீடுகள் சில இன்னும் எஞ்சியிருக்கின்றன. வடிவங்களைப் பயில விரும்பும் மாணவனுக்கு அவ்வீடே முதற்பாடம்.

திண்ணைக்கு மேல் கூரை தாழ்ந்து நீண்டிருக்கும். அதனால் உச்சி வெயிலும் சாரல் மழையும் சுவரைத் தாக்குவதில்லை. திண்ணைத் தூண் மரத்தால் ஆயது. ஆயினும் அதன் அடியில் ஒரு கற்பீடம் இருக்கும். மரம் மண்ணைத் தொட்டால் ஈரம் ஏறும், கறையான் அரிக்கும். அவ்விரண்டையும் தடுக்கவே கல் இடையில் வைக்கப்பட்டது. பின்னர் அக்கல்லில் தாமரை இதழ்களைச் செதுக்கி அழகு செய்தனர். தேவை முன்னே வந்தது. அழகு அதன் தோளைப் பற்றிக்கொண்டு பின்னே வந்தது. வீட்டின் நடுவே முற்றம் வானத்தை நோக்கித் திறந்திருக்கும். வீட்டினுள் சூடேறிய காற்று அதன் வழியே மேலே செல்ல, திண்ணைப் பக்கத்திலிருந்து புதுக்காற்று உள்ளே நுழையும். விசிறியும் மின்சாரமும் இல்லாத நாளில் வீட்டுக்கு மூச்சு விடும் மூக்காக முற்றம் பயன்பட்டது.

கூரையில் வேய்ந்த நாட்டு ஓடும் கருதத்தக்கது. பிளந்த மூங்கில் போன்று வளைந்த அவ்வோடுகளை ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை கவிழ்ந்தும் இருக்குமாறு அடுக்குவர். மல்லாந்த ஓடு நீரை வடிக்கும் வாய்க்கால். கவிழ்ந்த ஓடு இடைவெளியை மூடும் குடை. ஓடுகளுக்கு இடையே தங்கிய காற்று வெப்பத்தை எளிதில் கீழே விடாது. ஓர் ஓடு உடைந்தால் அவ்வொன்றை மட்டும் மாற்றினால் போதும்; கூரை முழுவதையும் பிரிக்க வேண்டுவதில்லை. எளிய மண்ணால் செய்த சிறு பொருளில் இத்துணை அறிவு அடங்கியிருத்தல் வியப்பன்றோ?

பூவிருந்தவல்லிக்கு வடக்கே ஆவடி உள்ளது. 1955-ஆம் ஆண்டில் நடைபெற்ற காங்கிரசு மாநாட்டால் இந்தியா முழுவதும் அறிந்த பெயர் அது. ஆவடி நிலையத்தின் வழியே செல்லும் இருப்புப்பாதைக்கு அதனினும் பழைய வரலாறு உண்டு. தென்னிந்தியாவின் முதற் பயணியர் புகைவண்டி 1856-ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது இவ்வழியே ஆகும். ஆவடியிலிருந்து கடற்கரை நிலையத்திற்குச் செல்லும் மின்சார ரயிலில் அமர்ந்திருப்போர், அன்று முதல் வண்டி வந்த திசைக்கு எதிராகக் கடலை நோக்கிச் செல்கின்றனர்.

ஆவடியை அடுத்துச் சிறிது தொலைவில் திருமுல்லைவாயில் நிலையம் வரும். சுந்தரர் பாடிய மாசிலாமணீசுவரர் கோயில் இவ்வூரில் உள்ளது. கருவறைக்கு முன் எருக்கந்தூண்கள் எனப் போற்றப்படும் இரண்டு தூண்கள் நிற்கின்றன. வடிவத்தில் நாட்டமுடையோர் கோயிலின் பின்புறம் சென்று கருவறை விமானத்தைக் காணுதல் வேண்டும். அது நான்கு மூலைகள் கொண்டதாக இல்லாமல், பின்புறம் யானையின் முதுகு போல வளைந்திருக்கும். இவ்வகை விமானத்தைத் தூங்கானை மாடம் என்பர். பாடியில் உள்ள திருவலிதாயம் கோயிலிலும் இவ்வடிவத்தைக் காணலாம். மாமல்லபுரத்தில் சகாதேவ இரதம் எனப்படும் ஒற்றைக்கல் கோயில் இவ்வடிவினது. அதன் அருகிலேயே பல்லவச் சிற்பிகள் கல்லில் ஒரு யானையையும் செதுக்கி வைத்தனர். இரண்டையும் ஒருசேரக் காண்போர்க்கு அப்பெயரின் பொருத்தம் தானே விளங்கும்.

இவ்வளைவு எங்கிருந்து வந்தது? மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கட்டி மேலே வைக்கோல் வேய்ந்த பழங்காலக் கட்டடங்களின் சாயலே பின்னாளில் செங்கல்லிலும் கல்லிலும் நிலைபெற்றது என்பர் கட்டடக்கலை அறிஞர். பொருள் மாறினும் கண் பழகிய வடிவம் எளிதில் மாறுவதில்லை. கடலோரத்தில் உள்ள திருவொற்றியூர்க் கோயிலிலும் இத்தகைய விமானம் உண்டு. முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் அதனைக் கருங்கல்லால் எடுப்பித்த தச்சனின் பெயரை அக்கோயிற் கல்வெட்டே கூறுகிறது. இரவி என்னும் வீரசோழத் தச்சன் என்பது அவன் பெயர். எடுத்த மன்னனை மட்டும் புகழாது, உளி பிடித்தவனையும் நினைவில் வைத்த கல்வெட்டு அது.

திருமுல்லைவாயிலைக் கடந்தால் அம்பத்தூர். தொழிற்பேட்டைகளால் பெயர் பெற்ற இவ்வூரில் 1949-ஆம் ஆண்டில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. இங்கிருந்து வெளிவந்த ஹெர்குலிஸ் மிதிவண்டிகள் தமிழ்நாட்டின் சிற்றூர்கள்தோறும் சென்றன. கருநிற வண்ணம் பூசிய அப்பழைய மிதிவண்டியைக் காணாத வீடு ஒரு காலத்தில் அரிது. இன்று சில வீடுகளின் பின்கட்டில் அது துருவேறிச் சாய்ந்து நிற்கிறது. அதனை வெளியே கொணர்ந்து, முன்னே கூறிய மூன்று வினாக்களைக் கேட்டல் தகும்.

முதலில் அதன் சட்டத்தைக் காண்க. இரண்டு சக்கரங்களும் ஒத்த அளவினவாய், மிதிகட்டையின் சுழற்சி சங்கிலியின் வழியே பின்சக்கரத்திற்குச் செல்லும் அமைப்பை இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்பார் 1885-ஆம் ஆண்டில் உருவாக்கினார். அவ்வமைப்பின் வழிவந்த சட்டம் உட்புழையுடைய எஃகுக் குழாய்களால் ஆயது. நான்கு குச்சிகளை முனைகளில் இணைத்து ஒரு பக்கம் அழுத்தினால் அது சாய்ந்துவிடும். மூன்று குச்சிகளை இணைத்த முக்கோணமோ சாயாது. இவ்வுண்மையைக் கொண்டு, மிதிவண்டியின் பின்பகுதி முக்கோணமாகவும் முன்பகுதி ஏறத்தாழ முக்கோணமாகவும் அமைக்கப்பட்டது. உட்புழையுள்ள குழாய், அதே எடையுள்ள கம்பியைக் காட்டிலும் எளிதில் வளையாது. ஆதலின் ஓர் ஆள் தூக்கக்கூடிய வண்டி, அவனையும் அவன் மனைவி மக்களையும் ஒரு நெல்மூட்டையையும் சுமந்து செல்கிறது.

அடுத்து அதன் சக்கரங்களைக் காண்க. இருபத்தெட்டு அங்குலம் உயரமுள்ள சக்கரம், வண்டிச் சோடை விழுந்த மண்பாதையில் எளிதில் ஏறி இறங்கும். சங்கிலியை முழுவதும் மூடிய தகட்டுப் பெட்டி, வேட்டி சங்கிலியில் சிக்காமலும் எண்ணெய்க் கறை படியாமலும் காத்தது. புடைவை உடுத்தோர் ஏறுவதற்கு இடையூறாக இருந்த மேற்குழாயைத் தாழ்த்திப் பெண்களுக்கென மற்றொரு வடிவம் செய்யப்பட்டது. பின்னே அமைந்த தாங்கியில் பால்காரரின் குவளையும் அஞ்சற்காரரின் பையும் ஆசிரியரின் புத்தகக் கட்டும் பயணம் செய்தன. இம்மிதிவண்டியில் அழகுக்கென்று தனியே சேர்த்தவை மிகச் சில. ஆயினும் அஃது அழகாகவே இருக்கிறது. என்னை? வேண்டாத உறுப்பு ஒன்றும் அதில் இல்லை; வேண்டிய உறுப்பு ஒன்றும் குறையவில்லை.

அம்பத்தூரைக் கடந்து வில்லிவாக்கத்தை அணுகும்போது, பெரம்பூர் இணைப்புப் பெட்டித் தொழிற்சாலையின் எல்லை தொடங்கும். சுவிட்சர்லாந்து நாட்டின் தொழில்நுட்ப உதவியோடு அமைந்த இதனை 1955-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். முன்னாளில் இரயில் பெட்டியின் அடிச்சட்டம் இரும்பாலும், அதன்மேல் அமைந்த உடற்பகுதி பெரும்பாலும் மரத்தாலும் செய்யப்பட்டன. அடிச்சட்டமே எல்லாக் கனத்தையும் தாங்கியது. விபத்து நேர்ந்தால் மேலேயுள்ள மரக்கூடு நொறுங்கிவிடும். பயணிகள் பலர் உயிரிழப்பர். புதிய பெட்டியிலோ தரை, சுவர், கூரை ஆகிய யாவும் எஃகால் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டுக் கனத்தைப் பகிர்ந்துகொண்டன. தீப்பெட்டியின் உறை மெல்லிய தாளாயினும் நான்கு பக்கமும் இணைந்திருப்பதால் உறுதி பெறுவதை இதற்கு ஒப்பாகக் கூறலாம். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்திய மக்களைச் சுமந்த அவ்வடிவப் பெட்டிகளைச் செய்தல் 2018-ஆம் ஆண்டோடு நின்றது. அவற்றினும் பாதுகாப்பான வேறு வடிவம் அவற்றின் இடத்தைப் பெற்றது. ஆகவே அன்று புதுமையாகத் தோன்றிய பெட்டி இன்று பழம்பொருள் வரிசையில் சேர்ந்துவிட்டது. தொழிற்சாலையை அடுத்து 2002-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இரயில் அருங்காட்சியகத்தில் பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் காணலாம்.

பெரம்பூரில் உள்ள எஞ்சின் பணிமனை செய்த அருஞ்செயல் ஒன்றும் ஈண்டு நினைக்கத்தக்கது. இ.ஐ.ஆர். 21 என்னும் நீராவி எஞ்சின் 1855-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் செய்யப்பட்டது. வேலையினின்று ஓய்வு பெற்றபின் நெடுங்காலம் அது காட்சிப் பொருளாகவே நின்றது. அதன் உறுப்புகள் பல தேய்ந்தும் குறைந்தும் போயின. பெரம்பூர்த் தொழிலாளர்கள் அதனைச் செப்பனிட்டு, 2010-ஆம் ஆண்டில் மீண்டும் தண்டவாளத்தில் ஓடச் செய்தனர். இத்தகைய எஞ்சினுக்கு உறுப்புகள் எக்கடையிலும் விற்பதில்லை; ஒவ்வொன்றையும் அளந்து கையால் செய்தல் வேண்டும். அவ்வாறு செய்யவல்லார் இருந்தமையால் எஞ்சின் உயிர் பெற்றது. கையறிவு உடையார் இல்லையேல், காட்சிசாலையில் இரும்பு மட்டும் மிஞ்சும்.

வண்டி மேலும் கிழக்கே சென்று இராயபுரத்தை அடைகிறது. 1856-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்து வைத்த நிலையம் இது. இந்தியாவில் இன்றளவும் நிலைத்து நிற்கும் இரயில் நிலையக் கட்டடங்களுள் மிகப் பழமையானது எனும் பெருமை இதற்கு உண்டு. புகைவண்டி நிலையம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதற்கு அந்நாளில் இந்நாட்டில் முன்மாதிரி இல்லை. எனவே கட்டியவர்கள் தாம் அறிந்த மாளிகை வடிவத்தையே அதற்கு அளித்தனர். உயர்ந்த தூண்களின் வரிசையும் அகன்ற முகப்பும் அதனால் வந்தவை. புதிய தேவை தோன்றும்போது மனிதன் முதலில் பழைய வடிவத்தையே உடுத்துகிறான். தனக்கேற்ற உடையைப் பின்னரே தைத்துக்கொள்கிறான். பல்லாண்டு கவனிப்பாரற்றுக் கிடந்த இக்கட்டடம் 2005-ஆம் ஆண்டில் செப்பனிடப்பட்டது.

அடுத்த நிலையம் சென்னைக் கடற்கரை. அங்கு இறங்குவோரை ஜார்ஜ் டவுன் எனப்படும் பழைய வணிகப் பகுதி வரவேற்கும். பழைய சென்னைக் கட்டடங்களின் உயிர்ப்பொருள் சுண்ணாம்பு. கடலும் உப்பங்கழியும் தந்த சிப்பியைச் சூளையில் சுட்டு, நீர் ஊற்றித் தணித்து, மணலோடு அரைத்துச் சாந்து செய்தனர். சுவரின் மேற்பூச்சுக்கு மிக நுண்ணிய சுண்ணாம்பில் முட்டையின் வெண்கருவும் தயிரும் கலந்து பூசி, வழவழப்பான கூழாங்கல்லால் தேய்த்தனர். அதனால் சுவர் சலவைக்கல் போலப் பளபளத்தது. சென்னைச் சுண்ணாம்புப் பூச்சைக் கண்ட அயல்நாட்டார் அது சலவைக்கல்லே என மயங்கியதுண்டு.

இப்பகுதியின் பழைய மாடிக் கட்டடங்களில் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று சென்னையின் பெயராலேயே வழங்கும் கூரையைக் காணலாம். தேக்குக் கட்டைகளைச் சுவருக்குச் சுவர் இடைவெளி விட்டு வரிசையாகப் பரப்புவர். அவற்றின்மேல் அச்சுக்கல் எனப்படும் மெல்லிய சிறு செங்கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பர். ஒரு கல் அடுத்த கல்லைப் பற்றிக்கொள்வதால் அடியில் பலகை வைத்து முட்டுக் கொடுக்க வேண்டுவதில்லை. அது காய்ந்தபின் செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் கலந்து பரப்பி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்துத் தெளித்து, மரக்கட்டைகளால் நாட்கணக்கில் அடிப்பர். பின்னர் அதன்மேல் தட்டோடு பதித்து, மழைநீர் வடியுமாறு சிறு சரிவு அமைப்பர். தடித்த அக்கூரையின் கீழ் கோடைக் காலத்திலும் அறை தண்மையாக இருக்கும். இரும்புக் கம்பியும் சிமென்டும் இன்றி நூறாண்டுகளுக்கு மேல் நின்ற கூரைகள் பல.

கடற்கரை நிலையத்திற்குத் தெற்கே சிறிது தொலைவில் உயர்நீதிமன்றம் செந்நிற மாளிகையாக விளங்குகிறது. 1892-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட இக்கட்டடம் இந்திய, இசுலாமிய, ஐரோப்பிய வடிவங்களைக் கலந்து செய்தது. இப்பாணியை இந்தோ-சாரசனிக் என்பர். ஹென்றி இர்வின் முதலிய ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் வரைந்தனர். எடுத்துக் கட்டியவர் தமிழ்நாட்டு ஒப்பந்தக்காரராகிய நம்பெருமாள் செட்டியார். வளைவுகள் நிறைந்த நீண்ட தாழ்வாரங்கள் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல. உள்ளறைகளின் சுவரில் வெயில் படாமல் காப்பவையும் அவையே. அதன் உயர்ந்த கோபுரத்தின் உச்சியில் 1894-ஆம் ஆண்டு முதல் கலங்கரை விளக்கு எரிந்தது. 1977-ஆம் ஆண்டில் மெரினாவில் புதிய கலங்கரை விளக்கம் வந்தபின் அது ஓய்வு பெற்றது. நீதிமன்ற வளாகத்திலேயே 1844-ஆம் ஆண்டின் விளக்குத் தூணும் தனியே நிற்கிறது. நிலத்தில் உள்ளோர்க்கு நீதி வழங்கிய வளாகம், கடலில் உள்ளோர்க்கு வழியும் காட்டியது.

அருகிலுள்ள பாரிமுனையில் 1940-ஆம் ஆண்டில் எழுந்த டேர் ஹவுஸ், முற்றிலும் வேறு காலத்தைக் காட்டும். 1925-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நடந்த பொருட்காட்சியால் உலகெங்கும் பரவிய ‘ஆர்ட் டெகோ’ என்னும் பாணியின் சாயலை அதில் காணலாம். தூணும் குவிமாடமும் மறைந்தன. நேர்கோடுகளும் மழமழப்பான பரப்புகளும் தோன்றின. சாளரங்களுக்கு மேலே சிமென்டுக் கூரைகள் நிழல் தந்தன. திண்ணை வீட்டின் தாழ்ந்த இறவாரம் செய்த வேலையை இங்கே அவை செய்கின்றன. வினா ஒன்றே, பொருள் மாறியதால் விடையின் உருவம் மாறிற்று.

இக்கட்டடங்களை வரைந்தோர் பெயர் நிலைத்தது போலச் செதுக்கினோர், கொத்தினோர், வண்ணம் தீட்டினோர் பெயர் நிலைக்கவில்லை. அத்தகைய கைத்தொழிலாளரைப் பயிற்றுவிக்கும் நோக்கத்தோடு, அலெக்சாண்டர் ஹன்ட்டர் என்னும் மருத்துவர் 1850-ஆம் ஆண்டில் சென்னையில் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். இன்று அது அரசு கவின்கலைக் கல்லூரியாகப் பழைய பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையிலேயே விளங்குகிறது. 1898-ஆம் ஆண்டில் ஆல்பிரடு சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கியது இப்பள்ளியிலேதான். ஏழை வீட்டு அடுப்பில் ஏறிய எடை குறைந்த பாத்திரத்திற்கும் இப்பள்ளிக்கும் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார்.

பழைய வடிவங்களின் பெருமை இவ்வாறிருக்க, அவற்றின் நிலையோ உறுதியற்றது. மத்திய இரயில் நிலையத்தின் அருகே 1900-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், பழைய நூல்களையும் பழம்பொருள்களையும் தேடுவோர்க்குப் புதையலாக இருந்தது. 1985-ஆம் ஆண்டு மே திங்களில் அது தீக்கிரையாயிற்று. ஆவடி, அம்பத்தூர் மக்கள் நாள்தோறும் வந்திறங்கும் புறநகர் நிலையம் அவ்விடத்தில்தான் எழுந்துள்ளது. மூர் மார்க்கெட் வளாகம் என்னும் பெயர் மட்டும் எஞ்சியது. அண்ணா சாலையில் 1897-ஆம் ஆண்டில் எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006-ஆம் ஆண்டில் இடிக்கத் தொடங்கினர். மரபில் பற்றுடையோர் வழக்குத் தொடுத்தமையால் இடிப்பு நின்றது. அதனைக் காத்தல் வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டில் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2012-ஆம் ஆண்டில் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டமும் இயற்றப்பட்டது.

சட்டம் சுவரைக் காக்கலாம். அறிவை அதனால் மட்டும் காத்தல் இயலாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின்னர் வெளியே விடும் இயல்புடையது. அதன்மேல் நல்லெண்ணத்தோடு சிமென்டு பூசினால் ஈரம் உள்ளே அடைபடும். நாளடைவில் சுவர் உப்புப் பூத்து உதிரும். காக்க முயன்ற கையே அழித்த கையாகிவிடும். ஆகவே பழைய கட்டடத்தைக் காப்பதற்குப் பணத்தினும் முதன்மையானது அதனைக் கட்டிய முறையை அறிதல். அம்முறை அறிந்த கொத்தர்கள் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் கற்பார் இல்லையெனில், ஒரு கட்டடம் இடியாமலே ஒரு கலை இடிந்துவிடும்.

பழமை முழுவதும் நல்லதே எனக் கொள்ளுதலும் பிழையாகும். திண்ணை வீட்டின் அடுக்களையில் புகை சூழ்ந்து பெண்களின் கண்களை வருத்தியது. வழிப்போக்கருக்கு இடம் தந்த திண்ணை, எல்லாக் குலத்தார்க்கும் ஒப்ப இடம் தந்ததில்லை. மரக்கூட்டுப் பெட்டியினும் எஃகுப் பெட்டி சிறந்தது. அதனினும் பின்வந்த பெட்டி சிறந்தது. கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என ஆராய்ந்து தெளிவதே அறிவுடைமை. ஆராய்வதற்குப் பொருள் முன்னே இருத்தல் வேண்டும். ஆராயும் முன்னரே அழித்துவிட்டால் நன்மையும் தீமையும் ஒருங்கே மறைந்துவிடும்.

இக்கல்வியைத் தொடங்கப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் அளவுநாடாவும் போதும். மாணவர் தம் தெருவில் உள்ள பழைய கதவு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, உரியவரிடம் இசைவு பெற்று, அதன் உயரத்தையும் அகலத்தையும் அளந்து படம் வரையலாம். அதனைச் செய்த மரம் யாது, தாழ்ப்பாள் எவ்வாறு இயங்குகிறது, நிலைப்படி ஏன் உயர்ந்திருக்கிறது என ஆராயலாம். வீட்டு முதியோரை வினவினால், எந்நூலிலும் காணாத செய்திகள் வெளிப்படும். முதிய கொத்தரையோ தச்சரையோ கண்டால் அவர்தம் கருவிகளின் பெயரைக் கேட்டு எழுதி வைக்கலாம். சுவரில் தம் பெயரைக் கீறுதலும், ஓட்டையோ கல்லையோ பெயர்த்து எடுத்து வருதலும் பற்றுடையார் செயல் ஆகா.

வரைந்து பழகிய கண், புதுப்பொருளையும் கூர்ந்து நோக்கும். நாளைக்கு வீடு கட்டவும் வண்டி செய்யவும் கருவி அமைக்கவும் போகிறவர்கள் இன்றைய மாணவர்களே. அவர்கள் செய்யும் பொருளும் ஒருநாள் பழம்பொருளாகும். அன்று அதன்முன் நின்று, இஃது எதற்காக, எதனால், எவரால் செய்யப்பட்டது என வினவுவோர்க்கு நேர்மையான விடை அதனிடம் இருத்தல் வேண்டும். அத்தகைய பொருளைச் செய்யக் கற்பதே, பழைய வடிவங்களைக் காண்பதன் பயனாகும்.